நாதம் பிறக்கும் இடம்

கேள்வி: மகளின் பிளாஸ்டிக் கிளாரினெட்டை விட்டு மர வாத்தியம் வாங்கினால் நாதம் உயர்ந்துவிடுமா?

பதில்: மவுத்பீஸை மாற்றிப் பார்த்தீர்களா? ரீட் அதிர்ந்து நாதம் ஜனிக்கும் ஸ்தானம் அதுவேயாதலால், அற்ப செலவில் அதை உயர்த்தி, அதன் பின்னும் குழந்தையின் சங்கீத ஞானம் வாத்தியத்தை மீறி நிற்குமாயின், அப்போது ஆப்பிரிக்கக் கருமரத்தாலானதைத் தயங்காமல் வாங்குங்கள்.

வாங்குமுன் சோதிக்கவேண்டியது ஒன்றுண்டு: புல்லாங்குழலைப்போல் அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயிக்குத் தாவாமல், கிளாரினெட் அதன் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தாவுவது. அந்தத் தாவலில் சுருதி பிசகாதிருக்கிறதா என்று அவளையே, அவளுடைய மவுத்பீஸைக்கொண்டே, கடையில் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புது மரம் மூச்சின் ஈரத்தால் வெடிக்கக்கூடும். முதற் சில வாரங்கள் தினம் சொற்ப நேரமே வாசித்து, உள்ளே துடைத்து வைக்கட்டும்.