கால் விழும் இடத்தில் விரியுங்கள்

(இந்த வாரக் கேள்விகள் எல்லாம் படுக்கையறை விரிப்பைப் பற்றி)

புது வீட்டில் பெட்ரூம் பத்துக்குப் பன்னிரண்டு. குவீன் சைஸ் கட்டில். விரிப்பு எந்த அளவில் வாங்கலாம்?
– வாசகி, துறைமங்கலம்

குவீன் கட்டில் 5 அடி அகலம், 6½ அடி நீளம். கட்டிலின் தலைமாடு பத்தடிச் சுவரை ஒட்டி இருந்தால், 6க்கு 9 விரிப்பு வாங்கி, ஒன்பதடிப் பக்கம் கட்டிலுக்குக் குறுக்கே வரும்படி போடுங்கள். இரு பக்கமும் இரண்டிரண்டு அடி வெளியே வரும். தலைமாட்டுச் சுவரிலிருந்து 2½ அடி தள்ளி ஆரம்பித்தால் கால்மாட்டிலும் இரண்டடி கிடைக்கும். பக்கத்து ஸ்டூலும் தண்ணீர்ச் செம்பும் வெறுந்தரையில் ஆடாமல் நிற்கும்.

அவ்வளவு பெரிய விரிப்புக்குக் கையில் காசில்லை. வேறு வழி?
– வாசகர், குன்னம்

2க்கு 6 அளவில் நீள விரிப்பு இரண்டு வாங்கி, கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போடுங்கள். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தால் ஒன்றே போதும். காலையில் முதல் அடி எங்கே விழுகிறதோ அங்கே விரிப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டிலுக்கடியில் யாரும் நடக்கப் போவதில்லை. அந்த இடத்துக்குக் காசு கொடுப்பானேன்?

கடையில் பெரிதாகத் தெரிந்த விரிப்பு, வீட்டில் போட்டால் கைக்குட்டை மாதிரி இருக்கிறதே!
– வாசகர், ஜெயங்கொண்டம்

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். நாலு முழ வேட்டி ஏறக்குறைய 4க்கு 6 விரிப்பின் அளவு. கட்டிலோரம் அதை விரித்துவிட்டு, ஒரு நாள் முழுக்க வழக்கம்போல் நடமாடுங்கள். இடறுகிறதா, போதவில்லையா என்று உங்கள் காலே சொல்லிவிடும். பெரிய அளவு வேண்டுமென்றால் இரண்டு வேட்டியைச் சேர்த்துப் போடுங்கள். அதற்குப் பிறகு கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் நீங்கள் அளவை மாற்ற மாட்டீர்கள்.

அண்ணன் துபாயிலிருந்து 8க்கு 10 கம்பளி விரிப்பு கொண்டுவந்திருக்கிறார். எங்கள் அறை பத்துக்குப் பதினொன்று. போடலாமா?
– வாசகி, லப்பைக்குடிக்காடு

அண்ணனின் அன்புக்கு உங்கள் அறை போதாது. இரண்டு பக்கம் அரையடிதான் மிஞ்சும். பீரோவின் முன்கால் விரிப்பில் ஏறும், பின்கால் தரையில் நிற்கும், கதவு உரசும். கூடத்தில் விரியுங்கள், வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும். சித்திரை வெயில் தொடங்கியதும் நன்றாகத் தட்டி, வெயிலில் காட்டி, மடிக்காமல் சுருட்டி, பழைய பருத்திப் புடவையில் சுற்றி வையுங்கள். கம்பளி அரிக்கும் பூச்சிக்கு அழுக்கும் இருட்டும்தான் பிடிக்கும். அழுக்கோடு மட்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள்.

வாசலில் நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரி. மகனுக்கு வீசிங். விரிப்பே வேண்டாம் என்கிறார் என் கணவர்.
– வாசகி, அரியலூர்

பாதி சரியாகச் சொல்கிறார். நம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடல் விட்டுப்போனது. சிமெண்ட் ஆலைகள் இருக்கும்வரை லாரியும் தூசும் இருக்கும். புசுபுசுவென்று முடி நீண்ட விரிப்பு அந்தத் தூசு அத்தனையையும் அடியில் பிடித்து வைத்துக்கொள்ளும். அது உங்கள் வீட்டுக்குள் வரவே கூடாது. தட்டையாக நெய்த பருத்தி விரிப்பு போடலாம், ஆனால் சின்னதாக. வாரம் ஒருமுறை கொடியில் தலைகீழாகப் போட்டுக் கம்பால் தட்டுங்கள், பையன் பக்கத்தில் இல்லாதபோது. துணி தாங்குமானால் நல்ல சுடுநீரில் துவையுங்கள், தூசுப்பூச்சி சாகும். பையனின் அறையை மட்டும் மருத்துவர் சொல்லும்வரை வெறுந்தரையாகவே விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு 78 வயது. டைல்ஸ் தரை சில்லென்று இருக்கிறது என்கிறார். எந்த விரிப்பு நல்லது?
– வாசகர், வேப்பந்தட்டை

விரிப்பு வேண்டாம், செருப்பு வாங்கிக் கொடுங்கள். அடியில் ரப்பர், பின்னால் வார் வைத்த, வீட்டுக்குள் போடும் செருப்பு. ஓரம் மடங்கிய விரிப்பு ஒன்று போதும், ராத்திரி பாத்ரூமுக்கு எழும் வயதானவரின் இடுப்பெலும்பை முறிக்க. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரை காலியாகவும் காய்ந்தும் இருக்கட்டும். ஒரு சின்ன விளக்கு எரியட்டும். விரிப்பு வேண்டும் என்று அம்மாவே பிடிவாதம் பிடித்தால், அடியில் வழுக்காத ரப்பர் வலை போட்டு, நாலு ஓரமும் தரையோடு ஒட்டிய பிறகே அனுமதியுங்கள்.

கோரைப்பாயை பெட்ரூமில் போட்டால் பழைய காலம் என்று மகள் சிரிக்கிறாள்.
– வாசகி, திருமானூர்

ஒரு கோடை மதியம் அவளை அதில் படுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பாய் வியர்வையை முதுகிலேயே நிறுத்தும். கோரை காற்றை விடும். காவிரிக்கரையில் முசிறி, கரூர், நாமக்கல் பக்கம் விளையும் கோரை தமிழ்நாடெங்கும் போகிறது. தாமிரபரணிக் கரையின் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஈரம் மட்டும் ஆகாது, பூசணம் பூக்கும். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, சுருட்டி நிறுத்துங்கள். மடித்தால் மடிப்பிலேயே ஒடியும். கட்டில் கால் அதன் மேல் ஏறவே கூடாது.

பவானி ஜமக்காளம் கல்யாண மண்டபத்துக்குத்தானே? பெட்ரூமுக்குப் பொருந்துமா?
– வாசகர், உடையார்பாளையம்

பொருந்துமாவா? நம் ஊருக்கென்றே நெய்த மாதிரி இருக்கும். தடித்த பருத்தி நூல், தட்டை நெசவு. கதவு அதன் மேல் இடிக்காமல் திறக்கும், தூசு தட்டினால் போகும், துவைத்தால் வெளுக்கும். 2005-06இலேயே புவிசார் குறியீடு பெற்றது. முதல் இரண்டு மூன்று முறை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சாயம் மற்ற துணிக்குத் தாவாது. வாங்கும்போது கைத்தறி முத்திரை கேட்டு வாங்குங்கள். நாம் கொடுக்கும் காசு நெய்தவர் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.

வயலிலிருந்து வரும் காலில் ஒரு நாள் கரிசல், ஒரு நாள் செம்மண். என்ன நிறம் எடுப்பது?
– வாசகி, செந்துறை

வெள்ளையில் கரிசல் தெரியும், கறுப்பில் செம்மண் தெரியும். பழுப்பு, செங்கல் நிறம் கலந்த பட்டைக்கோடு இரண்டையும் தாங்கும். ஆனால் முதல் செலவு வாசலில் ஒரு முரட்டுத் தேங்காய்நார் மிதியடிக்கு. மண் அங்கேயே நின்றுவிட்டால், பெட்ரூம் விரிப்பில் உங்களுக்குப் பிடித்த நிறம் எதுவானாலும் எடுக்கலாம்.

போகிக்குப் பழைய விரிப்பைக் கொளுத்திவிடலாமா?
– வாசகர், பாடாலூர்

கூடாது. பாலியஸ்டர் விரிப்பின் புகை உங்கள் தெருக் குழந்தைகளின் நெஞ்சுக்குள் போகும். அதைக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள். ஜமக்காளத்தை நாலாக வெட்டி ஓரம் தைத்தால் நாலு கால்மிதி. கோரைப்பாய் கிழிந்திருந்தாலும் மாடிக்குக் கொண்டுபோங்கள். மாசி பிறந்ததும் வடகம் பிழிய அதைவிட நல்ல இடம் கிடைக்காது.