புதைசோற்றியல்: கோலா தெர்லாவை முன்வைத்து ஓர் ஆய்வு

நெடுந்தொலைவு காட்டு நடை போகிறவர், தாம் பின்னால் உண்ணப்போகும் உணவை வழியில் முன்கூட்டியே ஒளித்துவைத்து, வெறுங்கையோடு திரும்பி வந்து, பிறகு அதே உணவைத் தேடிப் பசியோடு புறப்படும் செயலை ஆராய்வது புதைசோற்றியல். அரிசியின் எடையே இத்துறையைப் பெற்றெடுத்தது. நாள் முழுக்க மலையேறும் ஒருவருக்கு ஏறத்தாழ 700 கிராம் உலர் உணவு வேண்டும். பத்து நாளுக்கு ஏழு கிலோ. கூடாரம், படுக்கை, சட்டி, தண்ணீர் எல்லாம் அதற்கு மேல். பாதிச் சோற்றைப் பாதி வழியில் வைத்துவிட்டால் தோள் பிழைக்கும். அந்தச் சோற்றைப் பாதி வழிவரை சுமப்பதும் அதே தோள்தான் என்பதை இத்துறையின் ஆதரவாளர்கள் அவ்வளவாக அழுத்திச் சொல்வதில்லை.

இவ்வாய்வுக்குக் கேமரன் மலையின் வடபகுதி பொருத்தமான களம். 59ஆம் எண் கூட்டரசுச் சாலை பிரிஞ்சாங், திரிங்காப் வழியாகக் கோலா தெர்லாவைத் தொட்டுக் கம்போங் ராஜாவுக்குப் போகிறது. அதற்கு அப்பால் புளு வேலி தேயிலைத் தோட்டம். தோட்டம் முடிகிற இடத்தில் தித்திவங்சா மலைத்தொடரின் பெருங்காடு தொடங்குகிறது. யோங் பெலார் 2,181 மீட்டர், கோர்பு 2,183, காயோங் 2,173. இந்த மூன்று உச்சிகளையும் ஒரே நடையில் இணைப்பவர்கள் பல இரவுகளைக் காட்டில் கழிக்கிறார்கள். நடுவில் கடை கிடையாது. சாலை வந்துவிட்டாலோ நிலைமை தலைகீழ். கோலா தெர்லா மளிகைக் கடையே மிகச் சிறந்த உணவுக் கிடங்கு; கூரை உண்டு, பெயர்ப்பலகை உண்டு, காவலுக்கு முதலாளி உண்டு. ஆயினும் கடையில் வாங்கி உண்பதைப் புதைசோற்றியலார் முறைகேடாகவே கருதுகின்றனர்.

ஒளித்த சோற்றுக்குப் பகை மூன்று: மூக்கு, கண், மறதி.

மூக்கில் காட்டுப் பன்றியினுடையது முதலிடம் பெறும். புதைத்ததைக் கிளறி எடுப்பது அதற்குத் தொழில். அதனால் ‘தொங்கவிடுவோர்’ என்றொரு பிரிவு எழுந்தது. மூட்டையைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தூக்கிவிடுவது இவர்கள் வழக்கம். ஆனால் கிளை குரங்கின் ஆட்சிக்கு உட்பட்டது. பன்றிக்குப் பயந்து மேலே ஏற்றிய சோறு குரங்குக்குப் பரிமாறிய சோறாகிறது. ‘புதைப்போர்’ பிரிவினர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எலியும் முள்ளம்பன்றியும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கும். எறும்பு எந்தப் பிரிவையும் சாராது, இரண்டு இடத்துக்கும் வரும். இரு பிரிவினரும் கடைசியில் வந்து சேர்வது இறுக மூடிய பிளாஸ்டிக் தோங்கில்தான். அதற்குள் வைப்பதிலும் தரவரிசை உண்டு. சார்டின் டின் தலைசிறந்தது. மெகியின் மசாலாப் பொட்டலம் கிழிந்தால் அதைக் கண்டுபிடிக்க மோப்பம் பிடிக்கவே வேண்டாம். நெத்திலிச் சம்பல் எத்தனை உறை போட்டாலும் தன் இருப்பிடத்தைக் காற்றிடம் சொல்லிவிடும். பிஸ்கட்டுக்கு விலங்கே தேவையில்லை. கேமரன் மலை ஈரம் ஒரே இரவில் அதை நமுத்துப்போகச் செய்யும்.

கண்ணை ஏமாற்றத் தேயிலைச் செடி ஏற்றது என்று புதிதாக வருகிறவர்கள் நம்புகிறார்கள். இடுப்பளவு உயரம், மேலே தட்டையான பசுமை, கீழே இருட்டு. பார்வைக்குப் பழுதில்லாத மறைவிடம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் முதல் இன்றுவரை இம்மலையில் தேயிலை வளர்த்தவர்கள் யாரும் வழிப்போக்கரின் சோற்றை எண்ணி வளர்க்கவில்லை என்பதே சிக்கல். சில வாரங்களுக்கு ஒருமுறை கொழுந்தெடுக்க ஆள் வரும். கையால் கிள்ளிய காலத்தில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு ஜோடிக் கண் வந்து போனது; இன்று கத்திரியும் இயந்திரமும் வருகின்றன. சில ஆண்டுகளுக்கொரு முறை கவ்வாத்து வெட்டுவார்கள். அன்று செடி வெறும் குச்சியாக நிற்கும். தோங்கு நடுச்சபையில் உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு, எல்லா நிரையும் ஒன்றுபோலவே இருப்பதால் பிறர் கண்ணுக்குத் தப்புவது வைத்தவர் கண்ணுக்கும் தப்பும். தலைமுறை தலைமுறையாக மலைக்குச் சோறு கொண்டுபோன தோட்டத் தொழிலாளர்கள் அதைப் புதைத்ததாகச் செய்தி இல்லை. உண்ணும் நேரம் தெரிந்த சோற்றை ஒளிப்பானேன்?

மறதிதான் மூன்றிலும் கொடியது. பிறருக்குத் தெரியாமலும் தனக்கு மட்டும் தெரியும்படியும் அடையாளம் வைப்பது எளிதன்று. இதில் அமுண்ட்சனை மிஞ்ச ஆளில்லை. 1911இல் தென்துருவப் பயணத்துக்காக 80 பாகையில் உணவு வைத்தபோது, வழிக்குக் குறுக்காகக் கிழக்கே பத்து, மேற்கே பத்து எனக் கொடிகளை நட்டார். வழி தவறி வந்தாலும் ஏதாவதொரு கொடி கண்ணில் படும். அதிலுள்ள எண் கிடங்கு எந்தப் பக்கம் என்று சொல்லும். கொடி தீர்ந்தபோது கருவாட்டைப் பனியில் நட்டார். கேமரன் மலையில் கருவாடு நட்டால் அது அடையாளமாக நிற்காது, அழைப்பிதழாகிவிடும். அதே துருவத்துக்குப் போட்டியாகப் போன ஸ்காட் தம் பெருங்கிடங்கை 80 பாகைக்கு முன்பே, 79 பாகை 29 கலையில் வைத்துவிட்டார். 1912 மார்ச்சில் அதற்குச் சுமார் 20 கி.மீ. முன்னால் அவரது கூடாரம் நின்றுபோனது.

அடையாளத்தை மாற்றாமல் விட்டதன் விளைவுக்கு ஆஸ்திரேலியாவின் கூப்பர் ஓடை சான்று. 1861 ஏப்ரல் 21 காலையில் காவலிருந்த குழு, மரத்தில் ‘தோண்டு’ என்று செதுக்கி, அடியில் உணவைப் புதைத்துவிட்டுக் கிளம்பியது. அக்குழு யாருக்காகக் காத்திருந்ததோ, அந்த ஆய்வுப் பயணிகளான பர்க், வில்ஸ், கிங் மூவரும் அன்று மாலையே வந்து சேர்ந்தார்கள். தோண்டினார்கள், உண்டார்கள், ஒரு கடிதத்தை உள்ளே வைத்துக் குழியை முன்பிருந்தபடியே மூடினார்கள். மரத்தில் மட்டும் எதுவும் சேர்க்கவில்லை. மே மாதம் திரும்பிவந்த காவல் குழுத் தலைவர் பிரேய், குழி கலையாமலிருப்பதைப் பார்த்து, யாரும் வரவில்லையென்று போய்விட்டார். பர்க்கும் வில்ஸும் மாண்டார்கள். யாந்துருவாந்தா மக்கள் சோறிட்டுக் காத்ததால் கிங் பிழைத்தார். அம்மக்கள் அதே நிலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். புதையலைக் கலைத்தவர் கலைத்ததாகக் குறி வைக்க வேண்டும் என்ற விதி இங்கிருந்து பெறப்படுகிறது.

மலாயாவில் இத்துறையை மறுபக்கத்திலிருந்து ஆராய்ந்தது அரசாங்கம். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு உணவு போகாமல் தடுப்பதே போரின் பாதியாக இருந்தது. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டம் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குக் குடிபெயர்த்தது. தோட்டத் தொழிலாளரின் வாசலிலும் சோதனை. வேலைக்குப் போகிறவர் மதியச் சோற்றைக் கொண்டுபோகத் தடை. டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் துளையிட்டுத் தர வேண்டும். துளைபட்ட டின்னைப் புதைத்து வைக்க முடியாது, உடனே உண்டாக வேண்டும். சில இடங்களில் அரிசிக்குப் பதில் பொதுச் சமையலறையில் வடித்த சோற்றையே கொடுத்தார்கள். சோறு ஊசிப்போகும், அரிசி காத்திருக்கும். புதைசோற்றின் இலக்கணத்தை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்ட நடையர் இன்றுவரை இல்லை. அந்தப் புரிதலுக்கான விலையைக் கொடுத்தவர்கள் பசியோடு நிரையில் நின்றவர்கள்.

அதற்குக் காடு சொன்ன மறுமொழி மரவள்ளி. கெரில்லாக்கள் காட்டுத் திட்டுகளில் பயிரிட்டார்கள். அரசு வானிலிருந்து தேடி அழித்தது. ஜப்பானியர் காலத்தில் மலாயாவின் தமிழ் வீடுகளைக் காப்பாற்றியதும் இதே கிழங்குதான். தோங்கு வேண்டாம், கயிறு வேண்டாம். தண்டை நட்டால் மண்ணுக்கடியில் தானே சேமித்து, தோண்டும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். அடையாளமாக இலை நிற்கிறது. பன்றியை மட்டும் அதனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடைசியாக, எடுக்கப்படாத புதையல் பற்றி. நடை பாதியில் நின்றாலோ, வேறு வழியில் இறங்கினாலோ, மழையில் குறி அழிந்தாலோ தோங்கு காட்டிலேயே தங்கிவிடும். பின்னால் வருகிறவர் அதைக் கண்டெடுத்தால் உள்ளேயிருக்கும் மைலோவும் மெகியும் அவருக்கு என்பதில் கருத்து வேறுபாடில்லை. காலி டின்களையும் தோங்கையும் சாலைவரை சுமந்து இறக்கும் பொறுப்பு வைத்தவருடையது என்பதிலும் வேறுபாடில்லை. அவர் அன்று காட்டில் இல்லாததால், நடைமுறையில் அதையும் உண்டவரே சுமக்கிறார்.