பள்ளத்து ஓரம் பற்றிச் சில அவதானிப்புகள்

மலைப்பாதையில் ஏறும் பொதிக்குதிரை மேட்டுப் பக்கமாக நடக்கிறதா, பள்ளத்துப் பக்கமாக நடக்கிறதா என்னும் கேள்வியை நம் அறிஞர்கள் கண்டுகொள்ளவே இல்லை. பரிமேலழகர் பெயரிலேயே பரியை வைத்துக்கொண்டிருந்தும், குறளுக்கு உரை எழுதுவதில் காட்டிய அக்கறையில் கால்வாசியைக்கூட இதில் காட்டவில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு, 75 கிலோ எடையும் தேய்ந்துபோன இரண்டு முழங்கால்களும் கொண்ட இந்த ஆய்வாளன் தலையில் வந்து விழுந்தது.

களம், கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் குதிரை முதுகில் போய் வந்த வழி. 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்ட வந்தபோதும் மலைக்குச் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும்தான் ஏறினார்கள். அவர்களுடைய குதிரைகள் எந்த ஓரமாக நடந்தன என்று யாராவது குறித்து வைத்திருந்தால் எனக்கு இந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

ஆய்வு மாதிரி ஒன்றே ஒன்று. பெயர் பவுன். செம்பழுப்பு நிறம், இடது காதில் பழைய கிழிசல், வயிற்றில் பொதிக்கயிறு உரசி உரசி மயிர் போன ஒரு பட்டை. நான்கு வருடமாக எனக்குப் பழக்கம். உள்ளங்கையில் அச்சுவெல்லத்தை வைத்து நீட்டினால் பல் படாமல் உதட்டாலேயே எடுத்துக்கொள்வாள். வெல்லம் தீர்ந்த பிறகும் கையிலிருக்கும் உப்புக்காகக் கொஞ்ச நேரம் நக்கிக்கொண்டிருப்பாள். ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு முடிவு சொல்லலாமா என்று புள்ளியியல்காரர்கள் கேட்பார்கள். அவர்கள் பவுனைப் பார்த்ததில்லை.

இந்தத் தடவை வெள்ளகவி வரை நடந்தே இறங்கிவிட்டேன். திரும்ப ஏற முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. பவுனோ, சாமான்களை இறக்கிப் போட்டுவிட்டு வெறும் முதுகோடு நின்றிருந்தாள். சாக்கை நான்காக மடித்துப் போட்டு என்னை ஏற்றினார் குதிரைக்காரர்.

புறப்படுமுன் ஒரு சிக்கல். வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்பு போட்டு நடப்பதில்லை. வீடுகளுக்கு நடுவே அத்தனை கோயில்கள். நானும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தேன். பவுனோ நான்கு காலிலும் லாடத்தோடு டக் டக்கென்று நடுத்தெருவில் நடந்தாள். லாடம் செருப்பா, நகமா? மாலையில் கழற்றி வாசலில் விட முடியாத ஒன்றைச் செருப்பென்று சொல்லலாகாது என்பது என் துணிபு. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இதை முன்வைத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெற்றிலையை மென்றபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இனி முதன்மைப் பொருள். பாதை தாராளமாக நாலடி அகலம் இருக்கிற இடத்திலும் பவுன் பள்ளத்து விளிம்பை ஒட்டியே நடந்தாள். என் வலது கால் அந்தரத்தில் தொங்கியது. அதற்கு நேர் கீழே மரங்களின் உச்சி, அதற்கும் கீழே மஞ்சு, மஞ்சு விலகினால் பெரியகுளத்துச் சமவெளி சின்னச் சின்னக் கட்டங்களாக. பார்த்தவர்கள் எல்லோரும் புகழும் காட்சிதான். நான் அதில் பெரும்பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டேன். இடையில் மூன்று கருதுகோள்கள் உருவாயின: பவுனுக்கு என்மேல் ஏதோ வருத்தம், பவுனுக்கு உயிரில் பற்றில்லை, பவுனுக்கு இயற்கை ரசனை அதிகம். மூன்றையும் குதிரைக்காரரிடம் சொன்னேன்.

“அதெல்லாம் இல்ல சார். மூட்ட ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நிக்கும். மேட்டுப் பக்கம் ஒட்டிப் போனா பாறையில இடிக்கும். இடிச்சா அது பள்ளத்துல தள்ளி விட்ரும். குட்டியில ஒரு தடவ இடி வாங்கினா போதும், அப்புறம் வெளி ஓரந்தான்.”

“இப்போதான் மூட்டை இல்லையே?”

அவர் என்னைப் பார்த்தார். “இருக்கே சார்.”

இதைவிடச் செறிவான ஆய்வுரையை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

கண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னே கொஞ்சமும் போக, சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை தெரியும். அதாவது பவுனுக்குப் பாறையும் பள்ளமும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டிருந்தன. எனக்குத் தெரிந்தது அவளுடைய இரண்டு காதுகள். அவை முன்னால் நிமிர்ந்திருந்தால் எல்லாம் நலம்; பின்னால் மடங்கினால் நான் பிடரி மயிரைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். ஒரு முறை இரண்டும் விறைத்து நிற்க, பவுன் அப்படியே நின்றுவிட்டாள். பத்தடி தள்ளிப் பாதையில் காட்டுமாட்டுச் சாணி, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம் மூவரும் மூச்சுக் காட்டாமல் நின்றோம்.

அடுத்து, திறன். ஒரு மெட்ரிக் குதிரைத்திறன் என்பது 75 கிலோவை நொடிக்கு ஒரு மீட்டர் உயரம் தூக்குவது. என் எடையும் அதே 75 என்பது ஆய்வுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். கைபேசியின் உயரமானியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். புல் மேய்ந்த இடைவேளைகளையும் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் 200 மீட்டர் ஏறியிருந்தோம். வகுத்துப் பார்த்தால், பவுன் பதினெட்டில் ஒரு பங்கு குதிரை. இதைச் சற்று உரக்கவே அறிவித்தேன்.

“அது தன்னையுந்தான சார் தூக்கிட்டுப் போகுது?” என்றார் குதிரைக்காரர்.

நியாயம். பவுனின் எடையை 225 கிலோ என்று கொண்டால் பங்கு நாலு மடங்காகி, ஒன்பதில் இரண்டு வருகிறது. திருத்தத்தை ஏற்று இங்கே பதிவு செய்கிறேன்.

கடைசியாக ஓர் இலக்கியச் சான்று. கொல்லிமலையை ஆண்ட ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனைக் கொன்ற காரியின் குதிரைக்குப் பெயர் காரி. சிறுபாணாற்றுப்படை இந்த நால்வரையும் ஒரே மூச்சில் சொல்லிப் போகிறது. வேறு பெயர் கிடைக்காமலா வைத்திருப்பார்கள் என்று முன்பெல்லாம் யோசித்ததுண்டு. வெள்ளகவிப் பாதையில் விளங்கிவிட்டது. வழுக்குப் பாறை வரும் இடங்களில் குதிரைக்காரர் “ஏ, பாத்து!” என்று குரல் கொடுப்பார். பவுன் காலைப் பார்த்து வைப்பாள். நான் முதுகை நிமிர்த்துவேன். அவர் யாரைச் சொன்னார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. மலையில் இரண்டு உயிருக்கு ஒரு பெயர் போதும்.

வட்டக்கானல் வந்ததும் என்னை இறக்கிவிட்டார்கள். மீதியிருந்த வெல்லத்தைக் கொடுத்தேன். நான் கால்களை ஒட்டவைத்து நிற்க முயன்றுகொண்டிருக்கும்போதே பவுனின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அரிசி மூட்டைகள் ஏறிவிட்டன. அதே பாதையில், அதே விளிம்பை ஒட்டி இறங்கிப் போனாள். மூட்டைகள் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.