பட்டன் சார்

ஓசூர் சிப்காட் பக்கம் காலை ஷிப்டுக்கு முன்னால் ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் சத்தமில்லாமல் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவரிடமிருந்து மட்டும் வேர்க்கடலை உடைப்பது போல டிக், டிக், டிக் என்று சத்தம் வரும். இரண்டு கட்டைவிரலும் ஓடிக்கொண்டிருக்கும். கண் போனில் இருக்காது, பஸ் வரும் திசையில் இருக்கும். அவர்தான் பட்டன் சார்.

ஒரே ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மூக்கண்டப்பள்ளியில் ஒருவர் உண்டு. பாகலூர் ரோட்டில் ஒருவர். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைக் கணக்குப் பிரிவில் ஒருவர் இருக்கிறார். சீசனில் லாரி எடையைப் பட்டனில்தான் குறித்துக்கொள்வார். வயது ஐம்பதிலிருந்து அறுபதுக்குள். டூல் ரூமிலோ குவாலிட்டியிலோ இருபத்தைந்து வருடம் தள்ளிவிட்டு, இப்போது ஒரு ஷெட்டில் நாலு மெஷின் போட்டு ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்பவராக இருப்பார். சட்டைப் பையில் பேனா, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், இடுப்பில் பெல்ட்டோடு கோத்த போன் உறை. அந்த உறை ஓரங்களில் வெளுத்து, தையல் விட்டு, நைலான் நூலால் மறுபடி தைக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் பிளாக்பெர்ரி போல்டு 9780. 2010-இல் வந்தது.

அந்தக் கனடாக் கம்பெனிக்காரர்கள் 1999-இல் வந்த தங்கள் கருவிக்குப் பெயர் தேடியபோது, நெருங்கி நிற்கும் பட்டன்கள் ஒரு பழத்தின் மணிகளைப் போல இருப்பதாகப் பட்டு அந்தப் பெயரை வைத்தார்கள். பட்டன் சாரின் மனைவிக்கு அந்தப் பழத்தைப் பார்த்த அனுபவம் கிடையாது. கறுப்பாக, சதுரமாக, விளிம்பு தேய்ந்து இருப்பதைப் பார்த்து அவர் வைத்த பெயர் கருப்பட்டி. "ஏங்க, உங்க கருப்பட்டி கத்துது" என்றால் போன் வருகிறது என்று பொருள். கனடாக்காரர்கள் காசு கொடுத்துப் பிடித்த பெயரைவிட இது பொருத்தம் என்பது என் கட்சி.

ஏன் மாற்றமாட்டேன் என்கிறார்? கஞ்சத்தனம் என்பார்கள் பிள்ளைகள். அது பாதி உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ள அவர் ஷெட்டுக்குப் போகவேண்டும். லேத்திலிருந்து இறங்கிய புஷ் ஒன்றைக் கையில் எடுப்பார். மைக்ரோமீட்டரைத் தேடுவதற்கு முன்பே கட்டைவிரல் நகத்தை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டுவார். "பர் இருக்குப்பா, ஃபைல் போடு" என்பார். பையன் கண்ணாடி வைத்துத் தேடியும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஃபைல் போட்டால் துளியூண்டு பிசிறு உதிரும். விரலால் உலகத்தை அறிந்தவர் அவர். அப்படிப்பட்டவரிடம் வழுவழு கண்ணாடியைக் கொடுத்து, இதில் எழுத்து இருப்பதாக நினைத்து அழுத்துங்கள் என்றால்?

"தொடுதிரைன்னு பேரு வெச்சிருக்கான். தொட்டா ஏதாவது தெரியணும் இல்ல? 'க' இருக்கற இடமும் வழவழ, 'ம' இருக்கற இடமும் வழவழ. இது என்னப்பா தொடறது? தடவறது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தவிர, கையில் கூலன்ட்டும் கட்டிங் ஆயிலும் இருக்கும்போது கண்ணாடித் திரை விரலைச் சரியாகக் கண்டுகொள்ளாது. கையுறை போட்டால் ஆளையே கண்டுகொள்ளாது. பட்டனுக்கு அந்த வீம்பு கிடையாது. அழுத்தினால் இறங்கும். இருபது வருட ஆயில் ஊறி ஸ்பேஸ் பட்டன் மட்டும் சற்று அழுத்தமாகக் கேட்கிறது. அதற்கு அவர் பட்டனைக் குறை சொல்வதில்லை, விரலுக்கு வயதாகிவிட்டது என்கிறார்.

இருபது வருடம் என்று நான் எழுதியது அவர் சொல்லும் கணக்கு. 2010-இலிருந்து எண்ணினால் அத்தனை வராது. இடையில் வேறு போன்கள் இருந்தன. விசுவாசிகள் எல்லாவற்றையும் ஒரே திருமணமாகத்தான் எண்ணுவார்கள். 9780-க்கு முன்னால் இருந்தது நோக்கியா ஈ63. துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த செட். ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் டார்ச் எரியும். அந்த ஒரு வசதியை நினைத்து அவர் இன்றைக்கும் பெருமூச்சு விடுவார். ஆனால் அந்தச் செட்டுக்குத் தமிழ் தெரியாது. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக விழும். பொங்கல் வாழ்த்தும் பன்னிரண்டு கட்டம், பூப்புனித நீராட்டு விழாவும் பன்னிரண்டு கட்டம். ஒரு தை மாதத்தில் வந்த கட்டங்களுக்கெல்லாம் வரிசையாக 'சேம் டு யூ' என்று பதில் போட்டுக்கொண்டே போனார். அதில் ஒன்று சம்பந்தி வீட்டுப் பெரியவர் காலமான செய்தி. பதினாறாம் நாள் காரியத்தில் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிளாக்பெர்ரி வந்தபிறகு மரியாதை கூடியது. 2010-இல் ஒரு செல்போன் கம்பெனி 'பிளாக்பெர்ரி பாய்ஸ்' என்று விளம்பரமே எடுத்தது. கோட்டு போட்டவர்களின் கருவி சின்னப் பையன்கள் கைக்கும் வந்துவிட்டது என்பதுதான் அதன் கிண்டல். அதே வருடம் மத்திய அரசு, மெசேஜ்களை எங்கள் பாதுகாப்பு அமைப்புகள் படிக்க வழி செய்யாவிட்டால் சேவையை முடக்குவோம் என்று பிளாக்பெர்ரிக்குக் கெடு வைத்தது. நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. "என் மெசேஜை டெல்லியாலேயே படிக்க முடியல" என்று டீக்கடையில் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கெட்டிப் பூட்டு முக்கியமாகப் பெரிய நிறுவனங்கள் சொந்த சர்வர் வைத்து அனுப்பும் மின்னஞ்சலுக்கு. இவர் அனுப்பிய ரகசியங்களோ 'பின் 200 நாளைக்கு வரும்', 'ரிஜெக்‌ஷன் 14, திருப்பி அனுப்பு'. டெல்லி படித்திருந்தால் அவர்களுக்கே அலுத்திருக்கும்.

எல்லைக்காரர் என்பதால் அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். செக்போஸ்ட்டில் லாரி நிற்கும், டவர் நிற்காது. வீட்டுக் கூடத்தில் தமிழ்நாடு, சமையலறையில் கர்நாடகம் என்று சிக்னல் தாவிக்கொண்டே இருக்கும். வந்த காலுக்கே ரோமிங் காசு பிடித்த நாட்களில், சமையலறையில் நின்று மாமியார் வீட்டுக்காரர்களோடு பேசினால் மாதக்கடைசியில் தெரியும். ஆகவே நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பூட்டிவைக்கும் வித்தையை எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். உள்நாட்டு ரோமிங் கட்டணம் ஒழிந்து பல வருடமாயிற்று. எல்லாரும் அந்த வித்தையை மறந்தும்விட்டார்கள். பட்டன் சார் மறக்கவில்லை. சமையலறைக்குள் போன் அடித்தால் இன்றைக்கும் கூடத்துக்கு ஓடிவந்துதான் எடுப்பார்.

இந்த விசுவாசம் அவருக்குப் புதிதல்ல, குடும்பச் சொத்து. அவர் அப்பா கையில் எச்.எம்.டி. கட்டியிருந்தார், பெங்களூரில் செய்தது, தினம் காலையில் சாவி கொடுக்கவேண்டியது. 1987-இல் இதே ஓசூரில் டைட்டன்காரர்கள் குவார்ட்ஸ் கடிகாரம் செய்ய ஆரம்பித்தார்கள். தெருவுக்கு நாலு பேர் அங்கே வேலைக்குப் போனார்கள். அப்பா மட்டும் அசையவில்லை. "சாவி கொடுக்காம ஓடற கடிகாரம் எவன் பேச்சைக் கேட்டு ஓடுது?" என்று கேட்டாராம். 2016-இல் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தபோது அப்பா இல்லை. மகன் அந்தக் கடிகாரத்துக்கு இன்னும் சாவி கொடுக்கிறார். நேரம் பார்ப்பது போனில்.

டைட்டனைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. ஷாங்காயில் யூனிஹெர்ட்ஸ் என்றொரு கம்பெனி, பட்டன் வைத்த ஆண்ட்ராய்டு போனைச் சில வருடங்களுக்கு முன் கொண்டுவந்தது. சதுரத் திரை, 300 கிராமுக்கு மேல் எடை, கிட்டத்தட்ட ஒரு கருப்பட்டி வட்டேதான். அதன் பெயர் டைட்டன். இதைக் கேள்விப்பட்ட பட்டன் சார், உலகத்தில் எந்த ஊரில் சொல்லக்கூடாதோ அந்த ஊரில் சொன்னார்: "ஒரு டைட்டன் வாங்கலாம்னு இருக்கேன்." மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டாஃப் சலுகை விலையில் ஒரு கைக்கடிகாரத்தோடு வந்து நின்றார். மறுக்க முடியவில்லை. இப்போது அவரிடம் இரண்டு கடிகாரம் இருக்கிறது. ஒன்றுக்குச் சாவி கொடுக்கவேண்டும் என்று மாற்றி மாற்றி இரண்டுக்கும் கொடுக்கப் பார்க்கிறார்.

புதிதாகப் பட்டன் போனே வரவில்லையா என்றால், வந்தது. 2017-இல் பிளாக்பெர்ரி கீஒன் இந்தியாவுக்கு வந்தது, நொய்டாவில் கோத்தது, 39,990 ரூபாய். அடுத்த வருடம் கீ2, 42,990. இரண்டையும் பெங்களூர்க் கடையில் போய்ப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். கண் கலங்கியது என்று கூட வந்த பையன் சொன்னான். விலையைக் கேட்டார். "இந்தக் காசுக்கு நல்ல மெஷின் வைஸே வாங்கிப்போடலாம்" என்று திரும்பி வந்துவிட்டார். விசுவாசம் என்பது பழையதை விடாமல் பிடித்திருப்பது. கம்பெனி பிழைக்க வேண்டுமானால் யாராவது புதியதை வாங்கவேண்டும். உலகம் முழுக்க இருந்த பட்டன் சார்கள் எல்லாரும் விலையைக் கேட்டுத் திரும்பியிருப்பார்கள் போல. 2020 ஆகஸ்டோடு அந்த விற்பனையும் நின்றது. கிம் கர்தாஷியன் என்ற அமெரிக்க நட்சத்திரம்கூட 2014-இல், தன் பழைய போல்டு போன் கெட்டால் மாற்று வேண்டுமென்று ஈபேயில் வாங்கி வைப்பதாகச் சொன்னார். நம்மவர் அதே வேலையை பெங்களூர் நேஷனல் மார்க்கெட்டில் செய்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பஸ் ஏறினால் சில்க் போர்டு நெரிசலுக்கு முன் தாண்டிவிடலாம். பிறகு மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட், அங்கே கிடைக்காவிட்டால் எஸ்.பி. ரோடு. கீபேட், ஹவுசிங், பேட்டரி. கடைப்பையன் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "அது ஈக பரல்ல சார்" என்பான். இப்போதெல்லாம் வருவதில்லையாம். பட்டன் சார் நகரமாட்டார். கவுண்டருக்கு அடியில் ஒரு டப்பா இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். எல்லா ஊரிலும் எல்லாக் கடையிலும் கவுண்டருக்கு அடியில் ஒரு டப்பா இருக்கும். அதைக் கொட்டிக் கிளறுவார். போன தடவை ஆறு பேட்டரி கிடைத்தது, மூன்று உப்பியிருந்தது. வாங்கிவந்தார், ஆறையும்.

இதுவரை அவரைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறேன். வீட்டில் உள்ளவர்களின் பக்கத்தையும் சொல்லவேண்டும். 2017 முடிந்த அன்றோடு வாட்ஸ்அப் அவர் போனை விட்டுப் போனது. அன்று முதல் டிராயிங் எல்லாம் மெஷின் ஓட்டும் பையன் போனுக்கு வருகிறது. இ-வே பில் மகன் போனில். கேஸ் சிலிண்டர் மனைவி போனில். டீக்கடையில் மாஸ்டர் கியூஆர் அட்டையைக் காட்டினால், பக்கத்தில் நிற்பவன் தோளைத் தொட்டு, "தம்பி, நீ போட்டுரு, நான் கையில தர்றேன்" என்பார். தருவார், மறுநாள். யாருக்கும் அடிமையாகாத சுதந்திர மனிதர் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஒரு எண்ணம். அந்தச் சுதந்திரத்துக்கு ஏழு பேர் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு பிடியை மட்டும் விடவில்லை. பேங்கில் பதிந்திருப்பது அவர் நம்பர். ஓடிபி கருப்பட்டிக்குத்தான் வரும். மருமகள் ஆன்லைனில் புடவை எடுத்தாலும் கடைசியில் அவர் நாற்காலி அருகே வந்து நிற்கவேண்டும். கண்ணாடியைத் தேடி, துடைத்து, மாட்டி, "நாலு... ஏழு... அப்புறம் ரெண்டா, ஏழா?" என்று அவர் படித்து முடிப்பதற்குள் நேரம் காலாவதியாகிவிடும். மறுபடி அனுப்பச் சொல்லுவார். வீட்டில் பாதி வீண்செலவு இப்படித்தான் நின்றது.

2022 ஜனவரி 4 அன்று பிளாக்பெர்ரி தன் பழைய போன்களுக்கான சேவைகளை நிறுத்தியது. இனி கால், மெசேஜ் எதற்கும் உத்தரவாதமில்லை என்று அறிவிப்பு. மகன் படித்துச் சொன்னான். அன்று இரவு போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு அது கத்தியது. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்ட பெண்ணிடம், வாழ்க்கையில் முதல்முறையாகப் பன்னிரண்டு நிமிடம் அன்பாகப் பேசினார்.

இந்த ஊரின் கிண்டலைப் பாருங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உறைப் பாகங்கள் தயாராகின்றன. ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாகப் போய்வருகிறார்கள். அவர் ஷெட்டில் மில்லிங் பார்க்கும் பையனின் தங்கைகூட அங்கேதான். ஒருநாள் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் கருப்பட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிக்கப்போகிறாள் என்று காத்திருந்தோம். விளிம்பில் நகத்தை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "ஃபினிஷிங் நல்லா இருக்கு சார்" என்றாள். அன்று மத்தியானம் அவர் யாரையும் திட்டவில்லை.

கடைசியில் போன மாதம் அவரும் கண்ணாடி போன் ஒன்று வாங்கவேண்டியதாயிற்று. பெரிய வாடிக்கைக் கம்பெனி ஒன்று, சப்ளையர்கள் எல்லாரும் வாட்ஸ்அப் குரூப்பில் தினசரி உற்பத்திக் கணக்கைப் போட்டே ஆகவேண்டும், முதலாளியே போடவேண்டும் என்று சொல்லிவிட்டது. மகன் வாங்கி வந்து எல்லாம் போட்டுக்கொடுத்தான். தந்தை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் ஷெட்டில் இருந்தேன். கருப்பட்டியை எடுத்தார். மெமோவில் டிக் டிக் டிக் என்று கணக்கை முழுக்க எழுதினார். புது போனை எடுத்து, பழைய போனின் திரையைப் படம் பிடித்தார். கை ஆடியதால் இரண்டாவது தடவையும் பிடித்தார். அதை குரூப்பில் போட்டார்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: சார், படம் வேண்டாம், டைப் செய்து அனுப்பவும்.

படித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கருப்பட்டியில் 'ஓகே சார்' என்று டைப் செய்தார். அதைப் படம் பிடித்து அனுப்பினார்.