சேற்றுக்கரையில் யார் குடியிருக்கிறார்கள்?

கேள்வி: தஞ்சை மாவட்டக் கடற்கரையில் மெரினாபோல் மணல் இல்லை, வெறும் சேறுதானே? அங்கே என்ன உயிர் வாழும்?

பதில்: கோடியக்கரையில் நிலம் சட்டென்று மேற்கே திரும்புவதால், வடக்கே நாகப்பட்டினம் பக்கம் வங்கக் கடலின் அலை மணலைக் குவிக்க, தஞ்சைப் பக்கமோ அமைதியான பாக் நீரிணை வண்டலைப் படியவிடுகிறது, குடியிருப்போரும் அதற்கேற்ப மாறுகின்றனர். மணற்கரைக்கு இரவில் வரும் பங்குனி ஆமை, குழி தோண்டி முட்டையிட்டு மூடியபின், பிள்ளை வளர்ப்பை வெயிலிடம் ஒப்படைத்துக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. முத்துப்பேட்டைச் சேற்றிலோ, மூச்சுவேர்களை, அதாவது காற்றுக்காக மண்ணுக்கு மேலே நீளும் வேர்களை உடைய அலையாத்தி மரங்களிடையே, ஈரத் தோலாலும் மூச்சுவிடும் ஒருவகை மீன், நீந்தத் தெரிந்தும் துடுப்பை ஊன்றி நடக்கிறது. கோடியக்கரைக்குப் பூநாரைகள் விருந்தாளிகள், வெளிமான்கள் நிரந்தரவாசிகள். ஆழமற்ற அமைதிநீரில் செழிக்கும் கடற்புல்லை மேயும் ஆவுளியா, அதாவது கடற்பசு, அந்தச் சேற்றுக்கரைக்கு அப்பால் வாழ்வதால், தமிழக அரசு 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்தது. கரையிலுள்ள பசுக்களுக்கு இவ்வளவு மேய்ச்சல் புறம்போக்கு எந்த ஊரிலும் மிஞ்சவில்லை.