திடல் தியேட்டர்

2014-இல் இரண்டாவது பினாங்குப் பாலம், 2019-இல் ஐக்கியா கடை என்று பத்து காவான் ஊரே எங்கேயோ போய்விட்டது. தோட்டத்தில் வளர்ந்த பெரிசுகள் மட்டும் நினைவில் இன்னும் திடலில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மலாயாத் தோட்டங்களில் திடல்தான் தியேட்டர். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணிக்கு நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். பிந்தி வந்தவர்களுக்குத் திரைக்குப் பின்பக்கம், அங்கே எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார். ஆனாலும் நீதி வென்றுவிடும். அவசரகாலத்தில், அதாவது 1948 முதல் 1960 வரை, அரசாங்க வேன் வந்தால் கம்யூனிஸ்டுகள் எவ்வளவு கெட்டவர்கள் என்ற பாடமும் சேர்ந்தே வரும். சனங்கள் கொட்டாவி விட்டபடி தேசபக்தர்களாக இருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான், கதாநாயகி வில்லனின் குகையிலேயே கிடக்க வேண்டியது.

“அந்தக் காலத்துப் படம் போல வருமா?” என்று உருகுகிறவர்களில் பாதிப் பேர் முடிவைப் பார்த்ததே இல்லை.