பெயருக்கு முன்னே

"பேரைப் போட்டா கேஸு, அடைமொழி போட்டா கிசுகிசு." தொண்ணூறுகளில் நான் சேர்ந்த வாரப் பத்திரிகையின் பொறுப்பாசிரியர் எனக்குக் கற்றுத்தந்த இதழியல் மொத்தமும் இதுதான்.

"வாசகனுக்குப் புரியலைன்னா சார்?"

"புரியாதவன் இந்தப் பக்கத்துக்கே வரமாட்டான் தம்பி."

மூன்றெழுத்து நடிகை, வாரிசு நடிகர் என்று எழுதிப் பழகினேன். கை கொஞ்சம் நீண்டால் லட்சுமிகாந்தன் கதையை எடுப்பார். 'இந்து நேசன்' என்ற கிசுகிசுப் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944-ல் சென்னையில் குத்துப்பட்டுச் செத்ததும், அந்த வழக்கில் நடிகர்கள் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் 1947 வரை சிறையில் கிடந்ததும் அவருக்கு மனப்பாடம். ஏளனம் செய்யலாம், ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டும் என்பது பாடம். ஜாக்கிரதை என்றால், திருப்பி அடிக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களைப் பார்த்து அடிப்பது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, பக்கங்கள் சொல்லின.

சில்க் ஸ்மிதாவுக்கு நாங்கள் வைத்திருந்தது 'கவர்ச்சி' என்கிற ஒரே அடைமொழி. 'அலைகள் ஓய்வதில்லை'யில் (1981) புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடித்தபோதும் அதுதான். 1996 செப்டம்பர் 23 அன்று இறந்தபோதும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுச் செய்தி போட எங்களில் யாருக்கும் கை வரவில்லை. 2011-ல் அவர் வாழ்க்கையைத் தழுவிய 'தி டர்ட்டி பிக்சர்' வந்தது. வித்யா பாலனுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. உடனே சில்க் எங்கள் பக்கங்களில் 'ஆளுமை' ஆனார். பதினைந்து வருடம் தாமதமான பதவி உயர்வு. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

வணிகப் பக்கத்துக்காரர்கள் கோட்டு போட்ட கிசுகிசுக்காரர்கள். 2005-ல் கிங்ஃபிஷர் விமானம் பறக்கத் தொடங்கியதும் அதன் முதலாளி விஜய் மல்லையாவின் கடுக்கனும் தாடியும் விருந்துகளும் 'உல்லாச' என்ற சொல்லோடு வந்தன. அதில் ஏளனத்தைவிட ஏக்கம்தான் ஜாஸ்தி. 2012-ல் விமானங்கள் நின்றன. 2016 மார்ச்சில் அவர் லண்டன் போனார். அதே உல்லாசம் குற்றப்பத்திரிகை வாசகமாகிவிட்டது. கடுக்கன் என்னவோ அதே கடுக்கன். 2018-ல் தனிச் சட்டமே வந்து, 2019 ஜனவரியில் மும்பை நீதிமன்றம் அவரைத் 'தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளி' என்று அறிவித்தது. என் அனுபவத்தில் நீதிபதி முத்திரை குத்திக் கொடுத்த அடைமொழி அது ஒன்றுதான். பயமில்லாமல் போடலாம்.

இப்போது அடைமொழி யோசிக்கிற வேலையே எங்களுக்கு இல்லை. பி.ஆர்.ஓ. வாட்ஸப்பில் பட்டத்தோடு அனுப்பிவிடுகிறார். ஏளனம் யூடியூப் முகப்புப் படத்துக்குக் குடிபோய்விட்டது: பங்கமாய்க் கலாய்த்த, கதறவிட்ட, வச்சு செஞ்ச. பெரியவர்களுக்கோ பட்டமே சலித்துவிட்டது. 'தல' வேண்டாம் என்று 2021-ல் அஜித் அறிக்கை விட்டார். 'உலகநாயகன்' வேண்டாம் என்று 2024-ல் கமல் விட்டார். காலியான இடத்துக்குப் புதியவர்கள் முண்டியடிக்கிறார்கள்.

முதல் படமே இன்னும் வெளிவராத ஒரு தம்பியின் செய்திக்குறிப்பு போன மாதம் வந்தது. முன்னால் இருந்த பட்டத்தை வெட்டிவிட்டு, பெயரை மட்டும் அச்சுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே அவர் மேனேஜர் போன்.

"ஏன் சார், நாங்க உங்களுக்கு என்ன செஞ்சோம்? மொட்டையா பேரை மட்டும் போட்டு இப்படிக் கேவலப்படுத்திட்டீங்களே!"